வட்டத்துக்குள் யார்? – கும்மியும் ஒத்திகையும் நம் கல்லூரி நாடகமும்



மலர்க்குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது, பம்புசெட் மோட்டார் பற்றி எழுதட்டுமா என்றேன். என் பிழைப்பு அதுதான். "அதெல்லாம் வேண்டாம், 2010 கல்லூரி நாள் நாடகத்துல கும்மி ஆடினீங்களே, அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று உட்கார்ந்து நாலு புத்தகத்தைப் புரட்டினால், எங்கள் நாற்பது நாள் ஒத்திகைக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. ஆனைமலைப் பக்கத்துக்காரர்களான நமக்கு அது கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் சங்கடமும் தரும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏழு பெண்கள், ஏழு இடங்கள்

கூட்டமாக ஆடுவதற்கு முன்னால் 'நீ இங்கே நில், நீ அங்கே நில்' என்று ஒருவர் நிறுத்தி வைக்க வேண்டுமல்லவா? அந்தக் காட்சி சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரையின் ஆயர்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் மணி அறுந்து விழுகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று மாதரி அஞ்சுகிறாள். குரவை ஆடலாம் என்று முடிவு செய்து, ஏழு பெண்களைத் தேர்ந்து வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களையும் அவர்களுக்கே சூட்டுகிறாள். அவர்கள் நண்டின் கொடுக்கைப் போல விரல்களைக் கோத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இதுதான் ஆய்ச்சியர் குரவை.

இஞ்சினியர் கண்ணோடு பார்த்தால் இது ஒரு வரைபடம். எத்தனை பேர், எந்த வரிசை, கை எப்படி, யாருக்கு என்ன பெயர் என்று எல்லாமே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வட்டத்தில் கதாநாயகி என்று தனியாக யாரும் கிடையாது. ஒருத்தி இல்லாவிட்டால் ஒரு சுரம் குறைந்துவிடும்.

அதே காப்பியத்தின் வஞ்சிக் காண்டம் குன்றக் குரவையோடு தொடங்குகிறது. அங்கே ஆடுகிறவர்கள் மலைக்குறவர்கள், பாடப்படுகிறவர்கள் முருகனும் வள்ளியும். மலையடிவாரத்தில் வள்ளியைப் பாடி வட்டமாக ஆடுவது நம் பக்கத்துக்கு எவ்வளவு பழைய சங்கதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரே வள்ளி, இரண்டு வழி

வள்ளி கதை தமிழ்நாட்டில் இரண்டு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒன்று மேடை வழி. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' தென்மாவட்டத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக நடந்து வருகிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. அன்று இரவு ஒப்பனை போடும் இடத்தில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். விடிய விடிய நாடகம் நடந்துவிடும். எல்லோருக்கும் பாடம் தெரியும், தனித்தனித் திறமையும் உண்டு, அது போதும். சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரை வட்டாரக் கலைஞர்களோடு பழகி 2005இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். சுவாமிகளே 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிச் சிறுவர்களைக் கண்டிப்பாகப் பழக்கியவர் என்பதையும் நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று தரை வழி. அது நம் கொங்குநாட்டு வள்ளிக் கும்மி. வள்ளி பிறந்தது முதல் திருமணம் வரை கதை பாட்டாகப் போகும். வாத்தியார் ஓர் அடி பாட, ஆடுகிறவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே கை தட்டி, அடி மாற்றி, வட்டம் சுற்றுவார்கள். இதை ஆடுகிறவர் தொழில்முறை நடிகர் கிடையாது. பகலில் தண்ணீர் பாய்ச்சியவர், தறி ஓட்டியவர், தேங்காய் உரித்தவர். இதற்கு ஒத்திகை இல்லாமல் முடியவே முடியாது. இருபது பேர் ஒரே சமயத்தில் இடது காலை எடுக்க வேண்டும் என்றால், அந்த இருபது பேரும் இராத்திரி இராத்திரியாக ஒன்றாகக் கூடியே ஆக வேண்டும்.

ஒரே கதைதான். ஒன்றில் ஒத்திகை பூஜ்யம், மற்றொன்றில் ஒத்திகைதான் எல்லாமே. மாணவர் நாடகம் போடுகிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் கட்சி. நம்மிடம் ராஜபார்ட் திறமை கிடையாது, ஆனால் கூடிப் பழக நாளும் ஆளும் உண்டு.

களத்தில் பழகுவது

நம் பக்கத்தில் இதை 'ஒத்திகை' என்று சொல்ல மாட்டார்கள். 'ஆட்டம் பழகறது' என்பார்கள். அறுப்பு முடிந்த பிறகு, கோயில் திடலிலோ யாராவது ஒருவர் தோட்டத்துக் களத்திலோ பழகுவார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய் வைத்து வாத்தியாரை அழைப்பார்கள். ஒன்றிரண்டு மாதம் பழகிய பின் ஊர் முன்னால் அரங்கேற்றம் நடக்கும்.

வள்ளிக் கும்மி மட்டும் என்றில்லை. கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துபியின் ஒலிதான் அடியைச் சொல்லும். உடுமலைப் பக்கம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சலகெருதுக்கு முன்னால், உறுமி ஒலிக்கக் கோலைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். மாடும் கூடவே வருகிறது. மாட்டுக்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது என்றால் நமக்கு வேண்டாமா?

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். களத்து வட்டம் எல்லோருக்கும் திறந்த வட்டமாக இருந்ததில்லை. ஊரில் கொட்டடிக்கிறவர் ஒரு பிரிவு, ஆடுகிறவர் வேறு பிரிவு. காங்கயம் பக்கம் 1960களில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் வெளிவந்த நூலில் கொங்குக் கிராமத்தில் எந்தச் சாதி என்ன செய்தது, எந்த முறையில் நின்றது என்று எழுதியிருக்கிறார். படிக்கும்போது, நம் ஊர்த் திருவிழாவை யாரோ வெளியில் நின்று படம் வரைந்த மாதிரி இருக்கும்.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். கும்மி ஆதியிலிருந்தே பெண்களுடைய ஆட்டம். பொங்கல் என்றால் வாசலில் சுற்றி நின்று கை கொட்டாத பாட்டி உண்டா? பாரதியார் பெண்விடுதலையைப் பாடும்போது கும்மி மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் ஒயில் சேர்ந்து, வாத்தியார் வைத்து, அரங்கேற்றம் செய்கிற அளவுக்குப் பெரிதானபோது, வள்ளி ஒயில் கும்மி ஆண்களுடைய ஆட்டமாகிவிட்டது. வள்ளியின் கதையை வள்ளிகள் இல்லாமலே ஆடினார்கள்.

கல்லூரிக்குள் வந்த கதை

நாட்டார் ஆட்டத்தை நாடகப் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வலுப்பெற்றது 1970களின் பிற்பகுதியில். 1977இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறையைத்தான் இதற்குத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். தேசிய நாடகப் பள்ளியில் படித்த பேராசிரியர் சே. இராமானுஜம், கேரளத்தின் ஜி. சங்கரப்பிள்ளை போன்றவர்கள் அதை வழிநடத்தினார்கள். வசனத்தை மனப்பாடம் செய்வதே நடிப்பு என்று இருந்த காலத்தில், உடம்பைப் பழக்குவதே முதல் வேலை என்றார்கள். இராமானுஜம் பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பயிற்றுவித்தார். கிரேக்க யூரிபிடிசின் 'டிரோஜன் பெண்கள்' நாடகத்தைத் தழுவி அவர் அமைத்த 'வெறியாட்டம்' நாடக ஆர்வலர்கள் இன்றும் பேசுகிற ஒன்று.

கிரேக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பண்டைய ஏதென்சின் துன்பியல் நாடகத்தில் ஒரு குழு ஆடிப் பாடும். முதலில் 12 பேர், சோபக்ளீஸ் அதை 15 ஆக்கினார். அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிடையாது, சாதாரணக் குடிமக்கள். பயிற்சிச் செலவு ஊர்ப் பணக்காரர் ஒருவர் தலையில் வரி மாதிரி விழும். அவர்கள் ஆடிய தரைக்குப் பெயர் 'ஆர்க்கெஸ்ட்ரா'. கல்யாண வீட்டில் நாம் சொல்கிற அதே வார்த்தைதான்! எபிதாரஸ் ஊரில் இன்றும் இருக்கும் அந்த வட்டத் தரையின் விட்டம் ஏறக்குறைய 20 மீட்டர். அந்த ஏதென்ஸ் குழுவிலும் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கும் இடமில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி நம் களத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

எங்கள் நாற்பது நாள்

2010இல் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு நாடகம் எழுதினார்கள். தினைப்புனம் காத்த வள்ளி, ஆனைமலை அடிவாரத்தில் மக்காச்சோளக் காட்டுக்கு யானையும் பன்றியும் வராமல் காவல் இருக்கும் பெண்ணாக வருவாள். கடைசிக் காட்சியில் திருமணக் கும்மி. பன்னிரண்டு ஆண்கள், பன்னிரண்டு பெண்கள், ஆக 24 பேர்.

ஆழியாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். தென்னந்தோப்புக்காரர், அறுபது வயதைத் தாண்டியவர். வாத்தியாரய்யா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே கேட்டார்: "ஏனுங் தம்பி, பொம்பளப் புள்ளைகளும் ஆடறாங்களா? நான் ஆம்பளப் பசங்களுக்குத்தானுங் சொல்லித் தந்திருக்கறன்."

யாரும் பதில் பேசவில்லை. அவர் ஓர் அடியைப் போட்டுக் காட்டினார். முதலாமாண்டு மாணவி ஒருத்தி அதை அப்படியே திருப்பிப் போட்டாள், கையில் ஒரு தட்டும் கூடச் சேர்த்து.

"அம்மிணி, இத எங்க படிச்ச?"

"எங்க அமுச்சி போடுவாங்க ஐயா."

பெரியவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "உங்க அமுச்சி போட்டது சரி. நாங்கதான் அந்தத் தட்ட விட்டுப்போட்டோம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வரவேயில்லை.

ஊரில் ஆட்டம் இராத்திரி பழகுவது. நமக்கு அது ஆகாது, மாணவிகளுக்குக் கடைசி டவுன் பஸ் ஆறு மணிக்கு மேல் கிடையாது. ஆகவே மாலை நாலேகாலுக்கு வாலிபால் மைதானத்தில் ஆரம்பம், ஐந்தே முக்காலுக்கு முடிவு. நாற்பது நாளும் இதே கதைதான்.

அடுத்த பிரச்சினை கணக்கு. ஆள் ஒருவருக்குக் கையை வீசி ஆட 1.2 மீட்டர் இடம் வேண்டும். 24 பேருக்குச் சுற்றளவு 28.8 மீட்டர். அப்படியானால் விட்டம் 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 30 அடி. நம் பழைய கலையரங்க மேடையின் அகலம் 30 அடி, ஆழம் 18 அடிதான். வட்டம் மேடைக்குள் இறங்காது! 18 அடி வட்டத்தில் 14 பேருக்கு மேல் நிற்க முடியாது. இரண்டு வரிசையாக்கலாமா, பத்துப் பேரைக் குறைக்கலாமா என்று நாங்கள் காகிதத்தில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரைக் குறைப்பது என்ற பேச்சு வந்ததுமே முகங்கள் சுருங்கிவிட்டன.

வாத்தியாரய்யா காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடை சின்னதுன்னா எறங்கிக்கலாமுங். ஆள எதுக்குக் கொறைக்கறீங்க?"

அவ்வளவுதான் விஷயம். திரையும் முகப்பும் வைத்த மேடை நமக்குப் பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு ஒரு முன்பக்கம் உண்டு. முன்பக்கம் இருந்தால் முதல் வரிசை, கடைசி வரிசை என்று வந்துவிடும். வட்டத்துக்கு முன்பக்கமே கிடையாது. கடைசிக் காட்சியை அரங்கத்துக்கு வெளியே மைதானத்தில் வைத்துக்கொள்வது என்று தீர்மானமானது. நடுவில் ஓர் ஆணியடித்து, பதினைந்து அடிக் கயிறு கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டோம்.

கொட்டடித்தவன் கதை

ஒத்திகைக்குத் தப்பட்டை அடித்தவன் எங்கள் ஹாஸ்டல் நண்பன், எலெக்ட்ரிக்கல் பிரிவு. அவன் கொட்டைக் கேட்டாலே கால் தானாக எழும். இருபதாம் நாள் வாக்கில் ஆடுகிற பையன் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட்டது. 23 பேரானால் ஜோடி சேராது. "நீ வாடா உள்ளே" என்று நண்பனைக் கூப்பிட்டோம்.

அவன் தப்பட்டையைக் கீழே வைக்கவில்லை. "எங்க ஊர்ல எங்கப்பா கொட்டறாரு, அவங்க ஆடறாங்க. நாங்க வட்டத்துக்குள்ள நின்னதில்லடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான்.

எல்லோரும் வாத்தியாரய்யாவைப் பார்த்தோம். அவர் அவனைப் பார்த்தார். "கொட்டறவனுக்குத்தான் கண்ணு ஆட்டம் பூராத் தெரியும். வா, உள்ள நில்லு" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "ஊருக்குள்ள எப்படீன்னு என்னக் கேக்காதீங்க சாமி. இது காலேசு" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அவர் பொய் சொல்லவில்லை. தன்னால் எவ்வளவு தூரம் வர முடியும் என்று அளந்து சொன்னார். கல்லூரி என்பதற்கு அவர் கொடுத்த அர்த்தம் அது. ஊரில் நடக்காதது இங்கே நடக்கலாம், நடக்க வேண்டும்.

அவன் உள்ளே போய்விட்டதால் கொட்டுக்கு ஆளில்லை. அவன் அடித்ததைச் செல்போனில் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். வாத்தியாரய்யா இரண்டே நாளில் நிறுத்தச் சொல்லிவிட்டார். "இது நமக்காவ நிக்காதுங். கால் பிந்துச்சுன்னா விட்டுட்டுப் போயிரும்" என்றார். மிச்ச நாள் அவரே தாளம் தட்டிப் பழக்கினார்.

நாடகத்தன்று கொட்டுவதற்கு நண்பனின் அப்பாவை அழைத்தோம். மைதானத்தில் சுற்றி ஐந்நூறு, அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அடிக்க, மகன் ஆடினான். அவர் மகன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 24 ஜோடிக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே அடித்தார். ஒரு கால்கூடப் பிந்தவில்லை.

அந்த நண்பன் இன்று பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். சென்ற வருஷம் பேசும்போது, ஊர் வட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அது அப்படியேதான் இருக்கு" என்றான்.

இன்றைய நிலை

இந்த ஆட்டத்துக்குக் கடந்த சில ஆண்டுகளில் பெரிய மவுசு வந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல், அவருடைய 87ஆம் வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆண்கள் மட்டுமே ஆடிய ஆட்டத்தை மரபை மீறிப் பெண்களுக்கும் சொல்லித் தந்தவர் என்பதை அந்த அறிவிப்பே எடுத்துச் சொன்னது. கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஒரே திடலில் ஆடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண்களுக்கு அடைத்த கதவு திறந்தாயிற்று. நெஞ்சு நிறைகிறது.

இன்னொரு கதவு இருக்கிறது. அது தானாகத் திறக்காது. செல்போனில் வீடியோ பார்த்து அடி கற்றுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் வீடியோ யாரையும் 'வா, உள்ள நில்லு' என்று கூப்பிடாது. யார் பக்கத்தில் யார் நிற்பது, யார் கையை யார் தட்டுவது என்பதெல்லாம் ஒத்திகையில்தான் முடிவாகிறது. அரங்கேற்றத்தன்று ஊர் பார்ப்பது அந்த முடிவைத்தான். எங்கள் வாத்தியாரய்யா களத்தில் நாற்பது வருஷம் பழக்கியவர். அவருக்கே தம் ஆட்டத்தில் என்ன விட்டுப்போயிருந்தது என்பதைக் காட்டியது ஒரு மாணவியின் கைத்தட்டு. நாடகம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக நாற்பது நாள் ஒரே வட்டத்தில் நின்றவர்கள் அதற்கப்புறம் மெஸ்ஸில் தனித்தனியாக உட்காரவில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

எனவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசுக் கோப்பை கொடுக்கிறோம், நல்லதுதான். அதோடு, வாத்தியார் ஒருவருக்கும் கொட்டுக்காரர் ஒருவருக்கும் நாற்பது நாள் சம்பளம் கொடுக்கலாமே. இருவருக்கும் ஒரே சம்பளமாகக் கொடுப்போம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். புதுக் கலையரங்கத்தின் மேடை பெரியது என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு பெரிதானாலும் அளந்து பாருங்கள். ஆளுக்கு 1.2 மீட்டர். இடம் போதவில்லையென்றால் ஆளைக் குறைக்காதீர்கள். மைதானம் இருக்கிறது, இறங்கிக்கொள்ளுங்கள்.